ஒரு கை நீளம் குறைந்த கயிறு

மலைக்காடு ஒன்றில், ஆற்றுக்கு இறங்கும் நடைபாதையின் குறுக்கே ஒரு கயிறு வேலை பார்த்து வந்தது.

கட்டைவிரல் பருமனில் முறுக்கிய தேங்காய் நார்க் கயிறு. சாணுக்கு ஒன்றாக அதில் சிவப்புத் துணிக் கிழிசல்கள் கட்டியிருந்தன. ஆண்டில் மூன்று மாதம்தான் அதற்கு வேலை. சித்திரை பிறந்தால் பள்ளிக்கூடங்கள் மூடப்படும். சமவெளி மனிதர்கள் ஆறு பார்க்க வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அதே சித்திரையில்தான் மேல்காட்டுக் குட்டைகள் வற்றும். யானைகள் தண்ணீருக்காக அதே ஆற்றை நோக்கி இறங்கும். மனிதர்களின் விடுமுறையும் யானைகளின் தாகமும் ஒரு பாதையில் சந்தித்துக்கொள்ளும் மூன்று மாதங்கள் அவை. ஆனியில் மழை பிடித்ததும் இரண்டும் தீர்ந்துவிடும். கயிற்றைச் சுருட்டிக் காவல் கொட்டகையின் ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

ரங்கிக்கும் அந்த மூன்று மாதங்கள்தாம் வேலை. கோடைக்கு மட்டும் வனத்துறை அமர்த்தும் காவலாளி அவள். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த இருளர் பெண். வயது நாற்பத்தைந்து இருக்கும். பன்னிரண்டு கோடைகளாக அந்தக் கயிறு அவள் பொறுப்பில் இருந்தது.

பாதையின் ஒரு பக்கம் வேங்கை மரம். கயிற்றின் ஒரு நுனி எப்போதும் அதில் கட்டியிருக்கும். எதிர்ப்பக்கம், சிமெண்ட் போட்டு நட்ட இரும்புக் கம்பம். அங்கிருந்து அறுபது அடி தள்ளி, யானைகள் நடந்து நடந்து உண்டான தடம் ஒன்று பாதையைக் குறுக்கே கடந்து ஆற்றுக்குப் போகிறது. மேட்டில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டதும், தரையில் கிடக்கும் கயிற்றின் மறுநுனியை எடுத்து ரங்கி இடுப்புயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பாள். மனிதர்கள் நின்றுவிடுவார்கள். யானைகள் கடந்துபோகும். கடைசி வால் நாணலுக்குள் மறைந்த பிறகு கயிற்றை மெல்லத் தரையில் இறக்குவாள். மனிதர்கள் நடப்பார்கள்.

ஆனால், கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவள் ஒருநாளும் அந்த நுனியை அதில் கட்டியதில்லை. அரைமணி ஆனாலும் கையிலேயே பிடித்திருப்பாள். மணிக்கட்டில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றிக்கொள்ள மாட்டாள்.

கயிற்றுக்கு இது தீராத மனக்குறை.

"உனக்கென்றே என்னை நாலடி ஆழத்தில் நட்டார்கள்," என்று கம்பம் அடிக்கடி சொல்லும். "ஒரே ஒரு முடிச்சு. அதற்காகப் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். இந்தப் பெண் என்மேல் சாய்வதுகூட இல்லை."

"கிணற்றுக் கயிற்றுக்கு முடிச்சு உண்டு. மாட்டுக் கயிற்றுக்கு முடிச்சு உண்டு," என்றது கயிறு. "நான் மட்டும் கையில் பிடித்த கயிறு. குழந்தைகள் விளையாடும் கயிற்றைப் போல."

ரங்கியின் கழுத்தில் தொங்கிய விசில் இதைக் கேட்டுச் சிரிக்கும். சிரித்தால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் சிறு உருண்டை கடகடவென்று உருளும்.

"நான் ஒரு தடவை கத்தினால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நீ என்ன செய்கிறாய்? குறுக்கே தொங்குகிறாய்."

"உன்னை மனிதர்கள்தாம் பார்க்கிறார்கள். என்னை யானைகள் பார்க்கின்றன. பார்த்துப் பயந்துதான் அந்தப் பக்கமாகவே போகின்றன."

"யானையா? உன்னைக் கண்டா?" விசிலின் உருண்டை நெடுநேரம் உருண்டது. "அது முதுகு சொறிகிற கிளைகூட உன்னைவிடத் தடிமன்."

"இறுக்கிக் கட்டிப் பார்த்தால் அல்லவா என் வலு தெரியும்," என்றது கயிறு.

அந்தக் கோடையில் ரங்கிக்குத் துணையாக மாரப்பன் என்பவரும் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. முப்பது வருடம் லாரிகளுக்குப் பாரம் கட்டியவர்; இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். முதல்நாளே கயிற்றைத் தடவிப் பார்த்தார். அந்தத் தடவலில் கயிற்றுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"ஏனுங் அம்மிணி, கம்பம் சும்மாதான நிக்குது? ஒரு முடிச்சுப் போட்டா உங்களுக்குக் கை வலியாவது மிச்சமாகுமில்லீங்களா?"

"கை வலிச்சாத்தானுங்ணா நான் முழிச்சிருக்கேன்னு எனக்கே தெரியும்," என்றாள் ரங்கி.

"நான் போட்ட முடிச்சு பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கே அசைஞ்சதில்லீங்க."

"அதான் பயம். காத்து வேறங்ணா, யானை வேற. கட்டுன கயிறு அதுங்க கால்ல மாட்டுச்சுன்னா பயந்துரும். பயந்த யானைக்கு மனுசனும் தெரியாது, மரமும் தெரியாது. கையில இருந்தா எறக்கிரலாம் பாருங்க."

"பன்னண்டு வருசத்துல எத்தன தடவ அப்படி எறக்குனீங்க?"

"ஒருக்காலும் இல்லீங்."

மாரப்பன் சிரித்தார். கயிறும் தனக்குள் சிரித்துக்கொண்டது.

வைகாசி நடுவில் ஒரு காலை. அன்று யானைகள் வரப்போவதைக் காடே ரங்கிக்குச் சொல்லிவிட்டது. மேட்டில் மூங்கில் முறிந்தது, கரிச்சான் குருவிகள் எழுந்து பறந்தன. ரங்கி கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். பாதையில் நாற்பது பேர் வந்து சேர்ந்து நின்றார்கள்.

"காது கிழிஞ்சவ வர்றா," என்றாள் மாரப்பனிடம். அந்தக் கூட்டத்தை நடத்தி வருபவள் வலக்காது கிழிந்த ஒரு தாய் யானை. "பெத்து இருவது நாள் ஆச்சுங்ணா. இன்னும் கயித்தப் பாக்காத குட்டி. இன்னைக்கித்தான் மொதல்ல கூட்டியாறா."

அப்போதுதான் கீழே ஆற்றிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கயிறு ஏறுவதற்கு முன்பே இறங்கிப்போன இரண்டு பேர், யானைகள் தண்ணீருக்கு வரும் அதே துறையில் பாறைமேல் நின்று ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கிக்கு முகம் மாறிவிட்டது.

"அண்ணா, இதப் புடிங்க. நான் போய்க் கூட்டியாந்தர்றேன். கையிலயே புடிச்சிருங்க. கட்டிராதீங்க."

"போய்ட்டு வாங்க அம்மிணி."

மாரப்பன் சொன்னபடிதான் பிடித்திருந்தார். ஆனால் நாற்பது பேர் சும்மா இருப்பார்களா?

"எவ்ளோ நேரம்ணே? வெயில் ஏறுதில்ல," என்றார் தொப்பி அணிந்த ஒருவர்.

"யானை ஒண்ணும் ரயில் இல்லீங்களே, நேரம் சொல்லி வர்றதுக்கு."

"நாங்க ஓரமா போய்டறோம். அது பாட்டுக்கு அது வரட்டும்," என்றாள் மஞ்சள் துப்பட்டா போட்ட பெண்.

"அம்மா, அதுக்கு ஓரம் நடுவெல்லாம் கெடயாதுங்க. அது வந்தா எல்லாமே அதோட நடுதான்."

இதற்குள் ஒரு குரங்கு யாருடைய பையிலிருந்தோ மாம்பழத்தைப் பறித்தது. பை கிழிந்து பழங்கள் கயிற்றுக்கு அப்பால் உருண்டன. இரண்டு பேர் குனிந்து எட்டி எடுக்கப் போனார்கள். அவர்களைத் தடுக்க ஒரு கை வேண்டும். குரங்கை விரட்ட ஒரு கை வேண்டும். மாரப்பனுக்கு இருந்தவை இரண்டே. மூன்றாவது கையாகக் கம்பம் பக்கத்திலேயே நின்றது.

முப்பது வருடப் பழக்கம் விரல்களில் இருந்தது. நான்கு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. கண்மூடித் திறப்பதற்குள் லாரி முடிச்சு விழுந்துவிட்டது.

கயிறு நார் நாராக விறைத்தது. தன் நீளம் முழுவதும் ஒரே கோடாக நிற்பதை அன்றுதான் அது உணர்ந்தது.

"வந்தாயா," என்றது கம்பம்.

"வந்துவிட்டேன்," என்றது கயிறு. அந்தக் காடே தன்மேல்தான் நிற்கிறது என்று அதற்குத் தோன்றியது.

யானைகள் வந்தன. மேட்டிலிருந்து சாம்பல் நிறப் பாறைகள் சில, தமக்குள் பேசி முடிவெடுத்ததுபோல் எழுந்து நடந்து வந்தன. அவ்வளவு பெரிய உடல்கள், அவ்வளவு குறைந்த சத்தம். காது கிழிந்தவள் பாதையின் விளிம்பில் நின்று, தும்பிக்கையை உயர்த்தி, கயிறு நிற்பதைப் பார்த்தாள். பிறகுதான் முதல் காலை வைத்தாள்.

குட்டிக்கு இதெல்லாம் தெரியாது. தாயின் வயிற்றுக்கடியில் வந்த அது, காற்றில் ஆடும் சிவப்புத் துணிகளைக் கண்டது. இருபது நாளில் அது பார்த்தவற்றில் எதுவும் இவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை. தாய் முன்னே போக, குட்டி திரும்பி ஓடிவந்தது. ஒரு துணியைத் தும்பிக்கையால் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. பிடித்துக்கொண்டு பின்வாங்கி இழுத்தது.

லாரி முடிச்சின் குணமே இழுக்க இழுக்க இறுகுவதுதான். கம்பத்தில் அது கல்லாயிற்று.

விளையாடி முடித்த குட்டி, கயிற்றுக்கடியில் நுழைந்து மனிதர்கள் பக்கம் வந்துவிட்டது. பத்தடி நடந்து நின்றது. எதிரே எத்தனையோ கால்கள். ஒன்றுகூடத் தெரிந்த கால் இல்லை. திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் எப்போதும் இருக்கும் அந்தப் பெரிய நிழலைக் காணோம். வாயைத் திறந்து ஒரு முறை கூப்பிட்டது.

அறுபது அடியையும் காது கிழிந்தவள் எப்படிக் கடந்தாள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே இருந்தாள், இங்கே இருந்தாள். நாற்பது பேரின் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றது. கயிறு கண்ணை மூடிக்கொண்டது.

ஒன்றும் நடக்கவில்லை.

கயிறு கண்ணைத் திறந்தபோது, அவள் மார்பு அதற்கு ஒரு முழத் தூரத்தில், மலைச்சரிவுபோல் எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. அவள் நின்றிருந்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனாலும் நின்றிருந்தாள்.

"என்னை அறுத்துக்கொண்டு போ," என்றது கயிறு. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. "நூலைப் போல அறுந்துவிடுவேன். இப்போது எனக்குத் தெரிகிறது."

"எனக்கு முதல் கோடையிலேயே தெரியும்," என்றாள் தாய். "மோந்து பார்த்தேன். தேங்காய் நார். ஒரு வாய்க்குக் காணாது."

"அப்படியானால், பன்னிரண்டு கோடையாக ஏன் என்னைத் தாண்டவில்லை?"

"அந்தப் பெண் உன்னைத் தூக்கினால் மனிதர்கள் அந்தப் பக்கம் நிற்பார்கள். அவர்கள் நின்றால் நாங்கள் இந்தப் பக்கத்தோடு போவோம். அவள் சொன்னதை அவள் மீறவில்லை. நாங்கள் சொன்னதை நாங்கள் மீறவில்லை."

"உன் குட்டி அந்தப் பக்கம் நிற்கிறதே."

"அதனால்தான் நிற்கிறேன். இறக்கச் சொல். அவள் எங்கே?"

தும்பிக்கையின் ஈரமான நுனி கயிற்றின்மேல் பட்டது. பூவைத் தொடுவதுபோல் தொட்டு, ஒவ்வொரு சிவப்புத் துணியாகக் கடந்து, கயிற்றின் கடைசிவரை போயிற்று. அங்கே தெரிந்த வாசனை இருக்கும், தெரிந்த கை இருக்கும் என்றே அது போயிற்று. முடிச்சில் முட்டி நின்றது. இரும்பைத் தடவியது. நீண்ட மூச்சு ஒன்று விட்டது. கம்பத்துக்குச் சிமெண்டுவரை குளிர்ந்தது.

"இங்கே கை இல்லையே," என்றாள் தாய். "இதனிடம் எப்படிக் கேட்பது?"

கயிறு முடிச்சிடம் கெஞ்சியது. "கொஞ்சம் தளர்ந்து கொடு."

"என் வேலை பிடிப்பது," என்றது முடிச்சு. "யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், பிடிப்பது. நீ ஆசைப்பட்டதும் அதைத்தானே?"

மாரப்பன் எப்போதோ முடிச்சிடம் ஓடி வந்திருந்தார். யானையின் மூச்சு முகத்தில் அடிக்க, தான் போட்ட முடிச்சோடு தானே போராடிக்கொண்டிருந்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"நான் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை," என்றாள் தாய். "குட்டி இன்னொரு முறை கூப்பிட்டால் என் கால்கள் என் பேச்சைக் கேட்காது. அதற்குப் பிறகு நீ இருக்கமாட்டாய். இவர்களில் சிலரும் இருக்கமாட்டார்கள். நாளை முதல் இந்தப் பாதையில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்."

கயிறு வேங்கை மரத்திலிருந்து கம்பம்வரை தன் உடல் முழுவதையும் தளர்த்திப் பார்த்தது. முடியவில்லை. வலித்தாலும் விடாத, வேண்டும்போது விடுகிற அந்தக் கையை, பன்னிரண்டு கோடையில் முதன்முறையாக அது தேடியது.

ஆற்றங்கரைச் சரிவில் ரங்கியின் தலை தெரிந்தது. கூட்டி வந்த இரண்டு பேரையும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, காட்டோரமாகவே சுற்றி வந்தாள். அவள் ஓடவில்லை.

"என்னை எடு, ஊது," என்று துடித்தது விசில். ரங்கி அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வர மாட்டேங்குதுங்க அம்மிணி," என்றார் மாரப்பன். கண் கலங்கியிருந்தது. "நான் போட்டதுதான். எனக்கே வர மாட்டேங்குது."

"சரிங்ணா. விடுங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, அடுப்படியில் பேசுவதுபோல் தணிந்த குரலில் சொன்னாள்: "யாரும் ஓடாதீங்க. போனக் கீழ எறக்குங்க. கொழந்தயக் கூட்டிட்டுப் போக அவங்கம்மா வந்திருக்காங்க. அவ்வளவுதான். ரெண்டடி பின்னால போய் வழிவிடுங்க."

நாற்பது பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். யாருடைய செருப்பும் சத்தம் போடவில்லை.

ரங்கி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். முதலில் இடக்கையால் கயிற்றை இறுகப் பிடித்தாள். பிடித்த பிறகுதான், தன் கைக்கும் முடிச்சுக்கும் நடுவே வெட்டினாள். கயிறு அறுந்தது, ஆனால் விழவில்லை. அதே உயரத்தில், அதே கையில் நின்றது. வெட்டுப்பட்ட நுனியின் வலிக்கு மேலாக, அந்த உள்ளங்கையின் சூடு அதற்குத் தெரிந்தது.

ரங்கி யானையை நிமிர்ந்து பார்த்தாள்.

"போ தாயி," என்றாள். பன்னிரண்டு கோடையில் எப்படி இறக்குவாளோ அப்படியே, அவசரமில்லாமல், கயிற்றைத் தரையில் இறக்கிவைத்தாள்.

குட்டி இரண்டாம் முறை கூப்பிட வாயைத் திறந்திருந்தது. கூப்பிடவில்லை.

தரையில் கிடந்த கயிற்றுக்கு மேலே வானம் மறைந்தது. ஒரு பாதம் எழுந்து, நின்று, இடம் பார்த்து, கடந்தது. வறண்ட ஏரியின் தரைபோல் அதில் வெடிப்பு வெடிப்பாகக் கோடுகள். ஒரு வெடிப்பில் நாணல் துளிர் ஒன்று ஒட்டியிருந்தது. பிறகு அடுத்த பாதம். நான்கு பாதங்களும் கயிற்றைக் கடந்தன. ஒன்றுகூடக் கயிற்றை மிதிக்கவில்லை. கீழே கிடப்பது இன்னும் இரு பக்கமும் மீறாத அந்தச் சொல்தான் என்பதுபோல் அவள் அதைத் தாண்டிப் போனாள்.

மனிதர்களின் நடுவே அவள் நின்றாள். அவள் விட்ட மூச்சில் மஞ்சள் துப்பட்டா அசைந்தது. ஓரமாகப் போய்விடுவதாகச் சொன்ன அந்தப் பெண்ணின் கைகள் தாமாகவே குவிந்தன. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. தாய், குட்டியின் முதுகை ஒருமுறை தடவினாள், வயிற்றை ஒருமுறை தடவினாள், கால் நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தும்பிக்கையை அதன் கழுத்தில் வளைத்துத் திருப்பினாள்.

திரும்பும்போதும் அவள் கயிற்றை மிதிக்கவில்லை. குட்டி மிதித்தது. அதற்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கனம் தன் நாரில் பதிந்ததைக் கயிறு பிறகு எந்தக் கோடையிலும் மறக்கவில்லை.

அவர்கள் யானைத்தடத்தை அடைந்ததும் ரங்கி கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். காத்திருந்த மற்ற யானைகள் நடக்கத் தொடங்கின. கடைசி வால் நாணலுக்குள் மறைந்த பிறகும் நாற்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. கயிறு தரையில் இறங்கிய பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால், கயிறு பாதையின் அகலத்துக்கு எட்டவில்லை. கம்பத்தில் சுற்றிய நான்கு சுற்றும் வெட்டிய துண்டுமாக ஒரு கை நீளம் போயிருந்தது.

"ஒட்டுப்போட்டுத் தரட்டுங்களா அம்மிணி?" என்று கேட்டார் மாரப்பன். "முடிச்சில்லீங்க. முறுக்கி ஒட்டு."

"வேண்டாங்ணா. இருக்கற நீளம் போதும்."

ரங்கி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். குறைந்த இடத்தில் அவள் கை நின்றது. அவள் கை ஓய்ந்தபோது மாரப்பன் வாங்கிப் பிடித்தார். பத்து நிமிடத்தில் அவருக்குத் தோள் வலித்தது. அவர் கை மாற்றவில்லை. மேட்டிலிருந்து காது கிழிந்தவள் பாதையின் விளிம்புக்கு வந்தாள். தும்பிக்கையை உயர்த்தி நெடுநேரம் பார்த்தாள். பிறகு முதல் காலை வைத்தாள். அவள் பின்னால், அவளை ஒட்டிக்கொண்டு, குட்டி போயிற்று. அது சிவப்புத் துணிகளைத் திரும்பிப் பார்த்தது, ஓடி வரவில்லை.

கம்பத்தில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க யாராலும் முடியவில்லை. யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

"பார்," என்றது முடிச்சு. "இன்றுவரை நான் கொஞ்சமும் தளரவில்லை."

கயிற்றுக்கு அதைக் கேட்க நேரமில்லை. அது அப்போது கையில் இருந்தது.